பெரிய வீட்டுக் குழு: நாலு, மூணு, நாலு

கீர்த்தனா: பெரியப்பா, அவசரம். எங்கள் கல்லூரிப் பாடகர் குழுவுக்கு ‘ஐ சே எ லிட்டில் ப்ரேயர்’ கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் ஹோட்டல் லிஃப்டில் ஓடுகிற பாட்டு மாதிரி இருக்கிறது, பாடப் போனால் ‘ஃபாரெவர்’ வரும் இடத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறோம்.

பெரியப்பா: லிஃப்ட் பாட்டா! அடிப் பாவி. பர்ட் பாக்கராக் மெட்டு, ஹால் டேவிட் வரிகள், 1967இல் டியான் வார்விக் பாடியது. அந்த இடத்தில் கை தட்டி எண்ணிப் பார். நாலு, அப்புறம் மூணு, திரும்பவும் நாலு. நீங்கள் எல்லாவற்றையும் நாலாக எண்ணுவீர்கள், மூணு வரும்போது பாதிப் பேர் பின்தங்கி நிற்பீர்கள்.

கீர்த்தனா: அட ஆமாம், பதினொன்று வருகிறது! எதற்கு இந்த வம்பு?

பெரியப்பா: வம்புக்குச் செய்ததில்லை. பாக்கராக் காதில் மெட்டு அப்படித்தான் கேட்டது, பாட்டின் வாக்கியம் முடிந்தால் தாள அளவும் முடிந்துவிடும். மேலே வயலின், எக்காளம் எல்லாம் வழவழவென்று ஓடுவதால் உள்ளே இருக்கும் கணக்கு வெளியே தெரியாது. வேடிக்கை என்னவென்றால், வார்விக் பாடிய பதிவு பாக்கராக்குக்கே பிடிக்கவில்லை, வேகம் அதிகம் என்று வருத்தப்பட்டார். மறு வருஷம் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடியதுதான் உசத்தி என்பார்.

வசந்தி அத்தை: அண்ணா, மழைத்துளி தலையில் விழுகிற பாட்டும் இவர்கள்தானே?

பெரியப்பா: ஆமாம் வசந்தி, ‘ரெயின்ட்ராப்ஸ்’. 1969, பி.ஜே. தாமஸ் பாடியது. பாக்கராக், டேவிட் இருவருக்கும் ஆஸ்கர்.

அஷ்வின்: பாக்கராக் பேர் எங்கேயோ கேட்டிருக்கிறேன். டேவிட் யார் பெரியப்பா?

பெரியப்பா: இதுதான் எனக்கு எரிச்சல்! மெட்டுக்காரர் மேடையில் ஆர்கெஸ்ட்ரா நடத்துவார், அழகாக இருப்பார், நடிகையைக் கல்யாணம் செய்துகொள்வார், பேர் முழுக்க அவருக்கே. எழுதினவர் வீட்டுக்குப் போய்விடுவார். 1957இல் நியூயார்க்கில் பாட்டுக் கம்பெனிகள் நிறைந்த பிரில் கட்டடத்தில் இருவரும் சேர்ந்தார்கள். சின்ன அறை, ஜன்னல் திறக்காது, அடி வாங்கின ஒரு பியானோ, டேவிட்டின் சிகரெட் புகை. அங்கே போட்ட இரண்டு பாட்டு 1958இல் பிரிட்டனில் அடுத்தடுத்து முதலிடத்துக்கு வந்தன.

அஷ்வின்: மெட்டு வந்தபின் வார்த்தை போடுவது அவ்வளவு பெரிய வேலையா?

பெரியப்பா: கேள். ‘வாட் த வேர்ல்ட் நீட்ஸ் நவ்’ பல்லவி டேவிட்டுக்குச் சட்டென்று வந்துவிட்டது, உலகத்துக்கு இப்போது வேண்டியது அன்பு என்று. சரணம் மட்டும் நகரவே இல்லை, ரொம்ப நாள். ஆண்டவனே, இன்னும் உயரப் பறக்கும் விமானம் வேண்டாம், அது வேண்டாம், இது வேண்டாம் என்று எழுதிப் பார்க்கிறார், எதுவும் ஒட்டவில்லை. ஒருநாள் ‘இன்னொரு மலை வேண்டாம்’ என்று வந்தது. உடனே பிடிபட்டுவிட்டது: விமானமும் ரயிலும் மனிதன் செய்த சாமான், ஆண்டவனிடம் பேசுகிற பாட்டில் மலை, ஆறு, வயல் என்று அவர் படைத்ததைத்தானே சொல்ல வேண்டும். மீதி கடகடவென்று வந்தது. 1965இல் ஜாக்கி டிஷானன் பாடி வெளியானது.

வசந்தி அத்தை: நல்லா இருக்கே.

பெரியப்பா: குறும்பும் உண்டு. 1968இல் பிராட்வே நாடகம் ஒன்றுக்கு வேலை நடக்கும்போது பாக்கராக் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். வெளியே வந்தால் புதுப் பாட்டு உடனே வேண்டும் என்கிறார்கள். டேவிட் கையில் வரிகள் தயார், அதில் ஒருவரை முத்தமிட்டால் என்ன கிடைக்கும், நிமோனியா வருகிற அளவுக்குக் கிருமி கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்! பாக்கராக் ஜோராக மெட்டுப் போட்டுக் கொடுத்தார்.

கீர்த்தனா: ஹஹா, இதைக் குழுவில் சொல்லப் போகிறேன். கடைசி வரை ஒன்றாக இருந்தார்களா?

பெரியப்பா: எங்கே. 1973இல் ‘லாஸ்ட் ஹொரைசன்’ என்று ஒரு படம், படு தோல்வி. பாக்கராக் ராத்திரி பகலாக இசையோடு மல்லுக்கட்டினார், டேவிட் வரிகளைக் கொடுத்துவிட்டு ஓய்வாக இருந்தார். எனக்குப் பங்கு கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றார் பாக்கராக், முடியாது என்றார் டேவிட். அதோடு பேச்சு நின்றது, வழக்கு வந்தது. நடுவில் மாட்டினது வார்விக். இவர்கள் பாட்டு கொடுப்பார்கள் என்று நம்பிப் புதுக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டிருந்தார், அவரும் வழக்குப் போட்டார்.

வசந்தி அத்தை: ஒரு தோல்விப் படத்தின் பங்குக்காகவா இத்தனை? வராத காசுக்குச் சண்டை!

அஷ்வின்: அத்தை, வேலை அதிகம் செய்தவர் அதிகம் கேட்டால் என்ன தப்பு?

வசந்தி அத்தை: பத்து பதினைந்து வருஷம் சமபாதி என்று இருந்துவிட்டு, ஒரு படத்தில் மட்டும் மணி பார்த்துக் கணக்குப் போடுவது தப்புதான்டா.

பெரியப்பா: வசந்தி சொல்வதுதான் என் கட்சி. பாக்கராக்கே பின்னால் எழுதிய புத்தகத்தில் தப்பு என் மேல்தான், அந்த வருஷங்களில் ஹாலோடு எத்தனை நல்ல பாட்டு எழுதியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். 2012இல் பாட்டுத் துறைக்கான கெர்ஷ்வின் விருது இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். விழாவுக்கு வர டேவிட்டுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை, அதே வருஷம் செப்டம்பரில் போய்விட்டார்.

கீர்த்தனா: பெரியப்பா, எங்கள் நிகழ்ச்சி அட்டையில் பாக்கராக் பேர் மட்டும்தான் அச்சாகியிருக்கிறது.

பெரியப்பா: உங்கள் பொறுப்பாசிரியர் நம்பரை எனக்கு அனுப்பு.

கீர்த்தனா: ஐயோ வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.