ஏ.பி.ஏ.ஆரில் (ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கையில்) பாதகமான குறிப்பு, கூடவே விதி 14 விசாரணை: காத்திருக்கலாமா?

கேள்வி:
மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கோப்பு ஒன்று தாமதமானதற்காக பெரிய தண்டனைகளுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதி 14-ன் கீழ் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) கொடுத்தார்கள், விசாரணை இன்னும் நடக்கிறது. அதற்குள் இந்த வருட ஏ.பி.ஏ.ஆரில் 'அக்கறை இல்லை, நேர்மை சந்தேகத்துக்குரியது' என்று எழுதி, இந்த அறிக்கைகளுக்கான ஸ்பாரோ இணையதளத்தில் அனுப்பிவிட்டார்கள். வந்து ஒன்பது நாள் ஆகிறது. இதற்கு முன் வாய்வார்த்தையாகக்கூட யாரும் என்னைக் கண்டித்தது இல்லை. விசாரணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் சங்கத்துக்காரர் ஒருவர். அப்படிச் செய்யலாமா? தூக்கமே வரவில்லை.

பதில் 1:
காத்திருக்காதீர்கள். 2009 மே 14 தேதியிட்ட பணியாளர் மற்றும் பயிற்சித் துறைக் குறிப்பாணைப்படி அறிக்கை கிடைத்த 15 நாளுக்குள் முறையீடு கொடுக்க வேண்டும், உங்களுக்கு மீதி ஆறு நாள்தான். விசாரணை முடியாதது இதற்குத் தடையே இல்லை. நேர்மைக் கட்டத்தைத்தான் முதலில் பிடியுங்கள்: சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டு, தனியாக ரகசியக் குறிப்பு எழுதி, அதை விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்பது பல வருடமாக இருக்கும் அறிவுரை. தாமதத்துக்கும் நேர்மைக்கும் என்ன சம்பந்தம்? அந்த வருடம் நீங்கள் முடித்த கோப்புகளின் பட்டியலையும் சுயமதிப்பீட்டில் எழுதியதையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எழுதியவரைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம், படிப்பவருக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. இன்னொன்று. தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது இந்தக் குறிப்பையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. பழைய பதிவேட்டை வைத்துத் தண்டிப்பதானால் அதை ஊழியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று மஞ்சே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது, 1963 தீர்ப்பு. உங்கள் சார்ஜ் மெமோவில் முந்தைய நடத்தை பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மிகக் கடுமையான குற்றச்சாட்டில், சொல்லாமல் விட்ட பழைய நடத்தையையும் கணக்கில் எடுக்கலாம் என்று பிறகு வந்த தீர்ப்புகளும் உண்டு, அதனால் இந்த ஒன்றையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
மெமோவில் அப்படி ஒரு வரியும் இல்லை. முறையீட்டை நிராகரித்துவிட்டால்?

பதில் 3:
30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். நிராகரித்தால் அந்த உத்தரவு தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் போகலாம். பதிலே வராவிட்டால் முறையீடு கொடுத்து ஆறு மாதம் கழிந்தபின் ஒரு வருடம் உண்டு. திரும்பத் திரும்ப நினைவூட்டல் எழுதினால் காலக்கெடு நீளும் என்று நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நீளாது. கட்டாய ஓய்வுக்கான பரிசீலனையில் முழுப் பதிவேட்டையும் புரட்டுவார்கள், அதனால் இப்போதே எதிர்த்து வைப்பது முக்கியம். ஸ்பாரோவில் பதிவேற்றியதோடு நிற்காமல் ஒரு நகலைத் தபால் பிரிவில் கொடுத்துத் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இன்று இரவே எழுத உட்காருகிறேன். நாளை நகலில் முத்திரை வாங்கிவிடுகிறேன்.