விண்டோஸ் 11: பைத்தான் போட்டாச்சு, பிப் ஓடமாட்டேன் என்கிறது

கேள்வி:
பைத்தான் 3.12 நிறுவியிருக்கிறேன். பழைய 3.9-உம் அதே கணினியில் இருக்கிறது. தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் மூலம் ரிக்வெஸ்ட்ஸ் தொகுப்பைப் போட, கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்’ என்று அடித்தால், அப்படியொரு கட்டளையே தெரியாது என்கிறது. ‘பைத்தான்’ என்று மட்டும் அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. இன்னொன்று: இங்கே இணையம் ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) வழியாகத்தான். ஒவ்வொரு முறையும் அந்த முகவரியை அடிக்காமல் இருக்க வழி உண்டா?

பதில் 1:
இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

நிறுவியின் முதல் திரையில், அடியில், பைத்தானை பாத்-இல் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்கும் டிக் பெட்டி ஒன்று உண்டு. அது தானாக டிக் ஆகியிருக்காது. பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். அழித்துவிட்டு மறுபடி போட வேண்டாம். அதே நிறுவியை ஓட்டி, ‘மாடிஃபை’ கொடுத்து, ‘நெக்ஸ்ட்’ அழுத்தியதும் வரும் திரையில் என்விரான்மென்ட் வேரியபிள்களில் (பாத் அவற்றில் ஒன்று) சேர்க்கும் பெட்டியை டிக் செய்யுங்கள்.

ஸ்டோர் திறப்பதற்குக் காரணம், விண்டோஸே வைத்திருக்கும் வெற்று மாற்றுப்பெயர்கள். செட்டிங்ஸ் → ஆப்ஸ் → அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ் → ஆப் எக்ஸிக்யூஷன் அலையஸ் போய், பைத்தான், பைத்தான்3 இரண்டையும் அணைத்துவிடுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் சன்னல் பழைய பாத்-ஐயே வைத்திருக்கும்.

பதில் 2:
இவ்வளவு எதற்கு? ‘செட்எக்ஸ்’ கட்டளையால், பிப் இருக்கும் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரை பாத்-இல் ஒட்டிவிட்டால் ஒரே வரியில் முடிந்தது.

பதில் 3:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். பாத் நீளமாக இருந்தால் கடைசியில் இருப்பவை போயே போய்விடும். போதாததற்கு, சிஸ்டம் பாத் முழுவதும் பயனர் பாத்-க்குள் நகலாகிவிடும்.

இரண்டு பதிப்புகள் இருக்கும்போது வெறும் ‘பிப்’ என்று அடிப்பதே வம்பு. பாத்-இல் எது முன்னால் இருக்கிறதோ அந்தப் பைத்தானுக்குத்தான் தொகுப்பு போகும். நிறுவியது 3.9-இல், நிரல் ஓடுவது 3.12-இல் என்றால் ‘மாட்யூல் இல்லை’ என்ற பிழைதான் வரும். பைத்தானோடு வரும் ‘பை’ என்ற துவக்கியில் ‘பை -0’ அடித்து என்னென்ன பதிப்புகள் உள்ளன என்று பாருங்கள். பிறகு எப்போதும் ‘பை -3.12 -எம் பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்’ என்றே அடியுங்கள். இதற்கு பாத் திருத்தமே தேவையில்லை.

பிப்-ஐப் புதுப்பிக்கும்போதும் இதே ‘-எம்’ வழிதான். ஓடிக்கொண்டிருக்கும் பிப் கோப்பை விண்டோஸ் மாற்றவிடாது என்பதால், நேராகப் புதுப்பித்தால் பிழை வரும்.

ப்ராக்ஸிக்கு: ‘பை -3.12 -எம் பிப் கான்ஃபிக் செட் குளோபல்.ப்ராக்ஸி’ என்று அடித்து, இடைவெளி விட்டு, போர்ட் எண்ணோடு முகவரியைக் கொடுங்கள். ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டருக்குள் பிப்.ஐஎன்ஐ கோப்பில் அது பதிவாகும். இணையம் மந்தமாக இருந்தால் குளோபல்.டைம்அவுட்-ஐயும் 60 ஆக்குங்கள். இயல்பு அளவு 15 நொடிதான். கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் %40 என்று எழுதுங்கள். ஆனால் அந்தக் கோப்பில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே கிடக்கும், பொதுக் கணினியில் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
ப்ராக்ஸி வேலை செய்கிறது. இப்போது எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்பு) சான்றிதழ் பிழை வருகிறது. ‘டிரஸ்டட்-ஹோஸ்ட்’ போடலாமா?

பதில் 3:
வேண்டாம், அது சான்றிதழ்ச் சரிபார்ப்பையே நிறுத்திவிடும். பிப் 24.2 அல்லது அதற்குப் பிந்தையதற்கு மாறுங்கள். பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தையதில் அந்தப் பிப் விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கையே பார்க்கும். உங்கள் ப்ராக்ஸியின் சான்றிதழ் அங்கே இருந்தால் போதும். ப்ராக்ஸி பிப்-இன் பதிவிறக்கத்தையே மறித்தால், வேறு இணைப்பில் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.