புதுப்பிப்பு: வீட்டு வலையமைப்பில் எல்டாப் சேவையகம்

வீட்டுக் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே பயனர்பெயர், ஒரே கடவுச்சொல்லுடன் நுழைவதற்கு ஓப்பன்எல்டாப் (பயனர் விவரங்களை ஓரிடத்தில் வைக்கும் எல்டாப் அடைவுக்கான மென்பொருள்) போதுமா, சம்பா (விண்டோஸ் பாணி டொமைனை நடத்தும் மென்பொருள்) வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அனைத்தும் லினக்ஸ் என்பதால் ஓப்பன்எல்டாப்பையே நிறுவினேன். விண்டோஸ் கணினிகளை டொமைனில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் கணினிக் குழுவில்) இணைக்க விரும்புவோருக்குச் சம்பாதான் பொருத்தம், ஆனால் அதனுடன் கெர்பரோஸையும் (பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) டிஎன்எஸ்ஸையும் (கணினிப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) சேர்த்தே பராமரிக்க வேண்டியிருக்கும்.

சேவையகத்தை நிறுவுவது எளிதாகவே முடிந்தது. நேரத்தை விழுங்கியது கிளையன்ட் பக்கம், அதாவது பயனர்கள் நுழையும் கணினிகள். குறியாக்கம் இல்லாத எல்டாப் இணைப்பில் கடவுச்சொல்லைச் சரிபார்க்க அக்கணினிகளில் நுழைவைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி மறுத்துவிடும் என்பதால், 389ஆம் போர்ட்டில் ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கிய இணைப்பைக் குறியாக்கத்துக்கு மாற்றுவது) அல்லது 636இல் எல்டாப்எஸ் (தொடக்கத்திலிருந்தே குறியாக்கம்) தேவை. இதற்காகச் சேவையகச் சான்றிதழில் கையொப்பமிட, சொந்தமாக ஒரு சான்றிதழ் ஆணையத்தை உருவாக்கி, அதன் சான்றிதழை ஒவ்வொரு கணினியின் நம்பகப் பட்டியலிலும் சேர்த்து, சேவையகச் சான்றிதழில் அதன் முழுப் பெயரையே பதிந்தேன். அந்தப் பெயர் .லோக்கல் என்று முடிய வேண்டாம்; அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (உள் வலையமைப்பில் கணினிகள் தாமே ஒன்றையொன்று பெயரால் கண்டுகொள்ளும் முறை) உரியது. வீட்டு வலையமைப்புகளுக்கென்றே 2018இல் ஒதுக்கப்பட்ட ஹோம்.ஆர்பா என்ற பெயர்முடிவு இருக்கிறது, பார்க்க அழகாக இல்லாவிட்டாலும்.

கணினிகள் தம் உள்ளூர்ப் பயனர்களுக்கு 1000 முதல் எண் வழங்குவதால், அடைவில் உள்ளவர்களுக்கு 10000 முதல் யுஐடி (பயனர் எண்) கொடுத்தேன். ஒருவருக்கு எல்லாக் கணினிகளிலும் ஒரே எண் என்பதால், என்எஃப்எஸ் பகிர்வில் (வலையமைப்பு வழியே பகிரும் கோப்புறை) கோப்பின் உரிமையாளர் மாறித் தெரிவதில்லை.

சேவையகம் அணைந்தால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு: எஸ்எஸ்எஸ்டியில் கடவுச்சொல் கேஷை (கணினியிலேயே சேமித்துவைக்கும் வசதி) நாமே இயக்கிவிட்டால், அக்கணினியில் ஏற்கெனவே நுழைந்தவர்கள் அப்போதும் நுழையலாம். ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஓர் உள்ளூர் நிர்வாகிக் கணக்கை விட்டுவைத்திருக்கிறேன். அடைவின் தரவை வெளியே எடுக்கும் ஸ்லாப்கேட் கட்டளை மூலம் எடுக்கும் காப்புநகல் வேறொரு கணினிக்குச் செல்கிறது.