புதுப்பிப்பு: பாதியில் படிந்த கோபாலிமர்

ஸ்டைரீன், 4-வினைல்பிரிடின் இரண்டும் கோத்த நீள்சங்கிலியான கோபாலிமரில் மெத்தில் அயோடைடு சேர்த்து நேர்மின்னேற்றம் கொடுக்கும்போது பாதியிலேயே வீழ்படிவாகிறது, சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜிபிசியில் பீக்கே வரவில்லை என்று முன்பு புலம்பியிருந்தேன்.

குற்றவாளி கரைப்பான்தான். மின்னேறிய சங்கிலி நான் முதலில் எடுத்த டிஹெச்எஃபில் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) கரையவில்லை. டிஎம்எஃபுக்கு (டைமெத்தில்ஃபார்மமைடு) மாறியதும் கடைசிவரை தெளிவாகவே இருந்தது. அகச்சிவப்பு நிறமாலையில் 1600 செ.மீ⁻¹ பிரிடின் பட்டை தேய்ந்து, 1640 அருகே மின்னேறிய பிரிடினுக்குரிய புதியது எழுந்தது. துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது: ஈரத்தின் பட்டையும் அங்கேதான் வரும், இந்தப் பாலிமரோ காற்றிலிருந்தே நீரை உறிஞ்சும்! வெற்றிடத்தில் நன்றாக உலர்த்தி மறுபடி எடுத்தேன். பட்டை அப்படியே நின்றது.

ஜிபிசி? சரி, அதை மின்னேற்றத்துக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். மின்னேறிய சங்கிலி கருவியின் குழாய்க்குள் இருக்கும் நிரப்பியிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்து, அயோடைடை வெள்ளி நைட்ரேட்டால் தரம்பார்த்து எவ்வளவு பிரிடின் மின்னேறியது என்ற விகிதத்தைக் கணக்கிடப் போகிறேன்.