பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள்? உங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுங்கள் (பெயருக்குப் பதில் அவரவர் ஊர் போட்டிருக்கிறது)

தக்கலை:

காலையில் ஒரு டம்ளர் பால் குடிக்காமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். மகள் சிறு வயதில் மறுபேச்சில்லாமல் குடித்தாள். ஆறாம் வகுப்பு தாண்டியபோதுதான் தொந்தரவு ஆரம்பித்தது. குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பும், இரையும். பேருந்து வருகிற நேரத்தில் கழிப்பறைக்கு ஓடுவாள். பள்ளியில் கேட்டபோது, பாடத்துக்குப் பயந்து வருகிற வலியாக இருக்கும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறதே, அப்புறம் எப்படி அது பயமாகும்?

குழந்தை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறாள்?" என்பதுதான். இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள், தயிரும் மோரும் வழக்கம்போல இருக்கட்டும், பிறகு திரும்பவும் பால் கொடுத்துப் பாருங்கள் என்றார். பாலை நிறுத்தியதும் வயிறு அடங்கியது. திரும்பக் கொடுத்த அன்றே பழைய இரைச்சல்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் எழுதுகிறேன். பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கிற லாக்டேஸ் நொதி நம் சிறுகுடலில் சுரக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் வயதில் அது நிறைய இருக்கும். பால்குடி மறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். உலகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு இப்படித்தான். பெரியவர்களான பிறகும் நொதி குறையாமல் இருப்பதற்கு ஒரு மரபணு மாற்றம் காரணம். வட ஐரோப்பாவிலும் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலும் அது பலரிடம் உண்டு, தெற்கே வர வரக் குறைவு. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும். வாயு அதனால் வருகிறது. அந்தச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுப்பதால் பேதி. ஆக, என் மகளுக்கு நோய் ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் நிறைய பேருக்கு இருக்கிற உடல்வாகுதான் அவளுக்கும்.

அம்மச்சிதான் சமாதானமாகவில்லை. "பால் குடிக்காத பிள்ளைக்கு எலும்பு எப்படி மக்களே பலப்படும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்று 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐசிஎம்ஆர்) அளவு வகுத்திருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கும் குறைவில்லாமல் வேண்டும். பாலை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால் அது பிள்ளைக்குச் செய்கிற கேடு.

இப்போது அவளுக்கு மத்தியானம் டப்பாவில் தயிர்ச்சோறு, இரவில் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். உறை ஊற்றியதும் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்று புளிப்பாக மாற்றிவிடுகிறது. மிச்சத்தைச் செரிக்கவும் தயிரில் உயிரோடு இருக்கும் அந்த பாக்டீரியாவே உதவுகிறது. கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கின்றன. வாரத்தில் சில நாள் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை. மாலையில் ஏத்தம்பழத்தோடு (நேந்திரம்பழம்) அரை டம்ளர் பால் குடித்தால் ஒன்றும் செய்யவில்லை. வெறும் வயிற்றில் முழு டம்ளர் குடிப்பதுதான் அவளுக்கு ஆகாது. நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு நேரத்தில் 12 கிராம் லாக்டோஸ் வரை தாங்குவார்கள் என்கிறார்கள். சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் எளிது. 200 மில்லி பாலில் கிட்டத்தட்ட 10 கிராம் இருக்கும்.

பாலை யார் மேலும் திணிக்கவும் வேண்டாம், விஷம் என்று பயமுறுத்தவும் வேண்டாம் என்பது என் எண்ணம். எந்த வடிவத்தில், எவ்வளவு, எதோடு சேர்த்து என்று அவரவர் வயிற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.

குளச்சல்:

அக்கா, எங்கள் கடற்கரையில் பால் என்றால் சாயாவில் ஊற்றுவதற்குத்தான். விடியலில் வள்ளம் தள்ளுகிறவர்களுக்குக் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர் போதும். என் அம்மை பால் குடித்து நான் பார்த்ததே இல்லை. எழுபது வயதிலும் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவர்.

என் மனைவி பிள்ளை பெற்ற சமயம் ஒரு சாப்பாட்டுப் பட்டியல் கொடுத்தார்கள். காலையில் பால், இரவில் பால், பேரீச்சை, கேழ்வரகுக் கஞ்சி. மீன் என்ற வார்த்தையே அதில் இல்லை. அவளுக்குப் பால் மணம் பட்டாலே குமட்டும். குடிக்காவிட்டால் பிள்ளைக்குப் பால் ஊறாது என்று ஆளாளுக்குச் சொல்ல, அவள் அழுதுகொண்டே குடித்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த முறை போனபோது மருத்துவரிடமே கேட்டேன். பசும்பால் குடித்தால்தான் தாய்ப்பால் ஊறும் என்று ஒன்றும் இல்லை, பிள்ளை அடிக்கடி குடிக்கக் குடிக்க ஊறும், அம்மாவுக்குச் சத்துள்ள சாப்பாடும் தண்ணீரும் வேண்டும் என்றார். பிறகு வீட்டில் சாளையும் (மத்தி மீன்) நெத்திலியும்தான். சாளையைப் புளி ஊற்றி மண்சட்டியில் வற்ற வைத்தால் முள் மென்மையாகிவிடும், முள்ளோடு தின்னலாம். நெத்திலியை முள் எடுத்துத் தின்கிறவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. கால்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. நெய்மீன் (வஞ்சிரம்) துண்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதன் சதையில் கால்சியம் பெரிதாக இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். பாலில் இருக்கிற பி12 மீனிலும் நிறைய உண்டு.

ஆனால் எங்களுக்கும் ஒரு கஷ்டமான காலம் இருக்கிறது. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், விசைப்படகு ஓடாது. கட்டுமரமும் வள்ளமும் கொண்டுவருகிற கொஞ்ச மீன் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதத்தில் தயிர் பாக்கெட் வாங்கி, புளிசேரி என்கிற மோர்க்குழம்பு வைத்து ஒப்பேற்றுவோம். மரச்சீனிக்கிழங்கில் (மரவள்ளி) மாவைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. கிழங்கும் கட்டன் சாயாவுமாக ஒரு நாளை ஓட்டுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் தயிர் கிடைத்தால் பெரிய காரியம்.

மார்த்தாண்டம்:

எனக்கு நேர்ந்தது தற்காலிகமானது. கடுமையான வயிற்றுப்போக்கு வந்து மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பினேன். உடம்பு தேற வேண்டும் என்று மைனி (அண்ணி) மூன்று நேரமும் பால் கொடுத்தார். போக்கு திரும்ப ஆரம்பித்தது. தொற்றினால் குடலின் உள்தோல் பழுதுபட்டால் நொதியும் குறைந்துவிடும், குடல் ஆறினால் தானாகச் சரியாகும் என்று மருத்துவர் சொன்னார். சில வாரம் கஞ்சியும் மோரும்தான். இப்போது பால் சாயா, பால் பாயசம் எல்லாம் பழையபடி ஒத்துக்கொள்கிறது.

பூதப்பாண்டி:

நான் மாடு வளர்க்கிறவன். பால் கூட்டுறவு சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறேன், பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கிறேன். சங்கத்தில் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) பார்த்துத்தான் விலை. அதனால் பாலில் என்ன இருக்கிறது என்பது எங்களுக்குத் தினசரிப் பாடம். கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஆவினில் நீல பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. நிறம் மாறினால் மாறுவது முக்கியமாகக் கொழுப்புதான். லாக்டோஸ் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. கொழுப்பு குறைந்த பால் வாங்கினால் வயிறு உப்பாது என்று நினைத்துப் பலர் மாற்றி மாற்றி வாங்குகிறார்கள், அதில் பலன் இல்லை. ஆட்டுப்பாலும் அப்படித்தான், அதிலும் லாக்டோஸ் உண்டு.

நான் எழுத வந்தது வேறு காரியம். கொஞ்ச காலமாக என் வாடிக்கையாளர்களில் சிலர் பச்சைப்பால் கேட்கிறார்கள். காய்ச்சினால் சத்து போய்விடுமாம், காய்ச்சாமல் குடித்தால் வயிறு ஒத்துக்கொள்ளுமாம். எங்கோ பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கறந்து கொடுக்கிற நானே சொல்கிறேன், பச்சைப்பால் குடிக்காதீர்கள். காய்ச்சுவதால் லாக்டோஸ் போகாது, காய்ச்சாமல் விட்டாலும் அது குறையப் போவதில்லை. கால்சியமும் புரதமும் காய்ச்சிய பாலிலும் இருக்கும். சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், அதற்காக எடுக்கிற ஆபத்து மிகப் பெரிது.

என் சொந்தக்காரர் ஒருவரின் தொழுவத்தில் சினைமாடு மாசம் நிறையாமல் கன்று வீசியது. நஞ்சுக்கொடியை அவர் வெறுங்கையால் எடுத்தார். வீட்டில் பச்சைப்பால் குடிக்கிற பழக்கமும் இருந்தது. பிறகு அவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பிலும் மூட்டிலும் வலி. மாத்திரை சாப்பிட்டால் குறையும், திரும்ப வரும். கடைசியில் ஒரு மருத்துவர் "வீட்டில் மாடு உண்டா?" என்று கேட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் புரூசெல்லோசிஸ் என்று தெரிந்தது. கால்நடை மருத்துவர்கள் கன்று வீச்சு நோய் என்று சொல்வது இதைத்தான். வாரக்கணக்கில் மருந்து சாப்பிட்டுத்தான் தேறினார். மாட்டிலிருந்து காசநோயும் பச்சைப்பால் வழியாக வரலாம். நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் இரண்டு கிருமியும் சாகும். மாடு வைத்திருப்பவர்கள் கிடேரிக் கன்றுக்கு 4 மாதம் முதல் 8 மாதத்துக்குள் இதற்கான தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். காளைக் கன்றுக்கு அது கிடையாது. கன்று வீசிய மாட்டைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

குலசேகரம்:

நான் செவிலியர். இந்த மலையோரத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். தக்கலை அக்கா எழுதியதற்கு நேர் எதிரான பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பால் மட்டும் குடித்து வளர்கிற பிள்ளைகள்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒரு தாய் தன் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். ஆனால் முகத்தில் நிறமே இல்லை, கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருந்தது. "சாப்பாடு இறங்க மாட்டேங்குது சிஸ்டர், பால்னா எவ்வளவு வேணும்னாலும் குடிப்பான்" என்றார். விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போகிற தாய், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார். அழுதால் பாட்டி பாட்டிலைக் கொடுக்கிறார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலாலேயே வயிறு நிறைந்துவிட்டால் சோறு, பயறு, முட்டை, மீன் எதற்கும் இடம் இருக்காது. அதோடு, பாலின் கால்சியம் மற்றச் சாப்பாட்டிலுள்ள இரும்பு சேர்வதையும் குறைக்கும். ஹீமோகுளோபின் பார்த்தோம், மிகவும் குறைவாக இருந்தது. மருத்துவர் இரும்பு சொட்டு மருந்து எழுதினார். பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்தி, பாட்டிலை மாற்றிக் கிண்ணத்தில் கொடுக்கச் சொன்னோம். சோற்றைக் குழைத்து சிறுபயறும் மீன் சதையும் சேர்த்து ஊட்டச் சொன்னோம். அந்தப் பாட்டிதான் அதைப் பொறுமையாகச் செய்தார். அடுத்தடுத்த மாதங்களில் பிள்ளையின் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு வயது ஆகும் முன்னால் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்கவே கூடாது, தாய்ப்பால்தான்.

இன்னொன்று, தைராய்டு மாத்திரை. நான் பார்க்கிற பெண்களில் பலர் காலையில் அதைப் பால் சாயாவோடு விழுங்குகிறார்கள். பிறகு இரத்தச் சோதனையில் டிஎஸ்எச் அளவு குறையவில்லையே என்று வருகிறார்கள். பாலும் சாயாவும் அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து சாயா குடியுங்கள். கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரம் விட வேண்டும். கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையைப் பாலோடு போடாதீர்கள். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் இதே கதைதான்.

நாகர்கோவில்:

சிஸ்டர், சளி பிடித்தால் எங்கள் வீட்டில் முதலில் நிறுத்துவது தயிரையும் பாலையும்தான். அது சரியா? என் பையனுக்குப் பால் குடித்தால் உதட்டைச் சுற்றித் தடிப்பும் வருகிறது. அவனுக்கும் தயிர் கொடுத்துப் பார்க்கலாமா?

குலசேகரம்:

பால் குடித்தால் சளி அதிகமாக ஊறும் என்பதை ஆராய்ச்சிகள் உறுதி செய்யவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்ச நேரம் கெட்டியாக நிற்கும், அது சளி போலத் தோன்றும். காய்ச்சலில் சாப்பாடு இறங்காத பிள்ளை தயிர்ச்சோறு கேட்டால் நான் கொடுப்பேன்.

ஆனால் உங்கள் பையன் விஷயம் வேறு, தயவு செய்து தயிர் கொடுத்துச் சோதிக்காதீர்கள். உதட்டில் தடிப்பு, வீக்கம், மேலெல்லாம் அரிப்பு, வாந்தி, மூச்சு இரைப்பு என்றால் அது பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். லாக்டோஸ் பிரச்சினையோடு அதைக் குழப்பக் கூடாது. பாலின் புரதங்களான கேசீனும் மோர்ப் புரதமும் தயிரிலும் மோரிலும் பன்னீரிலும் உண்டு. நெய்யில்கூடச் சிறிதளவு இருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை பால் சேர்ந்த எதையும் கொடுக்க வேண்டாம், பிஸ்கட் உறையிலும் பால்பொடி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். நாளைக்கே காட்டிவிட்டு என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.