செம்பனைக்குள் கரடியைப் பார்த்திருக்கிறீர்களா? மலேசியாவின் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

லிந்தாங்காரன்:
துரியான் பருவம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காட்டை ஒட்டிய நிரைகளில் குலை வெட்டப் போயிருந்தோம். விழுந்து மக்கிக் கிடந்த ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தண்டைச் சூரியக் கரடி ஒன்று கிழித்துக்கொண்டிருந்தது. பெரிய நாய் அளவுதான். உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மஞ்சள் வளையம். எங்களைக் கண்டதும் பின்னங்கால்களில் எழுந்து மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அப்புறம் அல்லூரை (தோட்ட வடிகாலை)த் தாண்டி மெதுவாகக் காட்டுக்குள் போய்விட்டது. எங்களுக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை.

அது போன பிறகு தண்டைப் பார்த்தோம். உள்ளே கறையானும் கட்டைவிரல் தடிமனில் வண்டுப் புழுக்களும் இருந்தன. இளம் செம்பனைக் கன்றின் குருத்தைத் துளைத்து நாசமாக்கும் காண்டாமிருக வண்டு இப்படி மக்கும் தண்டில்தான் முட்டையிடும். மண்டோர் (வேலைக் கண்காணி), மறுநாள் நாய்களோடு வந்து விரட்டலாம் என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை. நம் ஊர்க்காரர்கள் கண்டதை எழுதுங்கள், அவரிடம் காட்டலாம்.

பால்மரத்து மகள்:
நாய் வேண்டாம். அம்மா ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிய காலத்தில் எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவருக்குக் கெண்டைக்காலில் கடி விழுந்தது. கரடி தானாகத் தேடி வந்து கடிக்கவில்லை. பன்றி வேட்டைக்குப் போன நாய்கள் துரத்த, அது ஓடி வந்த வழியில் இவர் நின்றிருந்தார். கிட்டத்தில் திடுக்கிட வைத்தாலோ, குட்டி கூட இருந்தாலோதான் அது பாயும். அம்மாவும் கூட்டாளிகளும் இருட்டோடு காட்டோர நிரைக்குப் போகும்போது பால் வாளியைத் தட்டிக்கொண்டே போவார்கள். சத்தம் கேட்டால் விலகிப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வனவியல் மாணவி:
சபா மாநிலத்துச் செப்பிலோக்கில் உள்ள சூரியக் கரடி மையத்துக்குப் போயிருக்கிறேன். அதை 2008இல் தொடங்கியவர் வோங் சியூ தே, பினாங்கு மாநிலத்துக்காரர், வனவிலங்குச் சூழலியலாளர். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சபாவின் டானும் பள்ளத்தாக்குப் பக்கக் காட்டில் கரடிகளைப் பிடித்து, ரேடியோ பட்டை மாட்டி விட்டு, அவை எங்கே போகின்றன, என்ன தின்கின்றன என்று பின்தொடர்ந்தவர். அவர் பார்த்த கரடிகளின் முக்கிய உணவு கறையான், வண்டு, வண்டுப் புழு, அத்திப்பழம். லிந்தாங்காரன் அண்ணன் தண்டுக்குள் கண்டதும் பாதி அதுதான்.

அந்த ஆய்வில் என்னை உலுக்கியது பட்டினி. 1999, 2000 வாக்கில் அந்தக் காட்டில் நீண்ட காலம் பழமே இல்லை. பிடித்த கரடிகள் எலும்பும் தோலுமாக இருந்தன, சில செத்தே போயின. தாடிப் பன்றிகளுக்கும் அதே கதி. நம் நாட்டுக் காட்டின் பெரிய மரங்கள் வருடா வருடம் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து காய்க்கும், நடுவில் பஞ்சம். பரந்த காடு இருந்தால் கரடி நடந்து நடந்து எங்கோ ஓர் அத்தி மரத்தைக் கண்டுபிடிக்கும். காடு துண்டுதுண்டானால் அடுத்த அடி தோட்டத்தில்தான் விழும். நம் நிரைக்குள் கரடி வந்தது என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, மேலே காட்டில் இப்போது பழம் இருக்கிறதா என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பழத்தை விழுங்கி, விதையைத் தொலைவில் போடுகிறது. கொட்டாத தேனீயின் கூட்டுக்காக உயிருள்ள மரத்தையே பிளக்கிறது. அப்படி உண்டாகும் பொந்தில் பிறகு வேறு உயிர்கள் குடியேறுகின்றன. இத்தனையும் செய்வது உலகிலேயே சிறிய கரடி இனம்!

மோட்டார் தம்பி:
ஆற்றுக்கு மேலே தெமியார் பழங்குடிக் கம்பத்தில் (கிராமத்தில்) எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. அவனோடு போனபோது முன்கால் பாதம் ஒன்று இல்லாத கரடியைத் தூரத்தில் பார்த்தேன். பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் மாட்டியிருக்கும் என்றான். கண்ணிக்குப் பன்றி, கரடி என்ற பேதம் கிடையாது. பித்தநீருக்காகவும் பாதத்துக்காகவும் வேண்டுமென்றே வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வனவியல் மாணவி:
2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சூரியக் கரடி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. குட்டி கிடைத்தது என்று வீட்டில் வளர்ப்பதும் குற்றம். செப்பிலோக்கில் இருக்கும் கரடிகளில் பல அப்படி வீட்டில் கூண்டில் கிடந்தவைதான். ஒரு குட்டி மனிதர் கைக்கு வருகிறதென்றால், பெரும்பாலும் தாயைக் கொன்றிருப்பார்கள்.

லிந்தாங்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் மண்டோரிடம் வாசித்துக் காட்டினேன். நாய் விரட்டு இல்லை என்று ஒப்புக்கொண்டார். காட்டோர நிரைக்கு யாரும் தனியாகப் போக வேண்டாம், போகும்போது பேசிக்கொண்டே போங்கள் என்று காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கூடும் இடத்தில்) சொல்லிவிட்டார். சனிக்கிழமை எல்லை நிரை முழுக்கக் கண்ணி தேடப் போகிறோம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கும் தகவல் கொடுத்தாயிற்று. மோட்டார் தம்பி, உங்கள் கூட்டாளியையும் அழைத்து வாருங்கள். கண்ணி எங்கே இருக்கும் என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.