தேங்கிய தேவையா, மடைத்தேவையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கொள்ளைநோய்க் காலத்துத் தாதுமணல் (கனிமங்கள் கலந்த மணல்) சந்தை பற்றிய கட்டுரையில், வாங்க வழியின்றி அடைபட்டு நின்று பிறகு பாயும் தேவையை, அதாவது pent-up demand என்பதை, "தேங்கிய தேவை" என்று சொல்வது சரியா என்று நேற்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. தேக்கம் என்றாலே நமக்கு விற்காமல் கிடக்கும் சரக்குதான் நினைவுக்கு வரும். "கிடங்கில் சரக்கு தேங்கியது, சந்தையில் தேவை தேங்கியது" என்று ஒரே பத்தியில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒரே மந்தம் போலத் தொனிக்கும்.

தாதுமணலில் கிடைக்கும் கனிமங்களில் ஒன்றான சிர்கானையே எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழப் பாதி பீங்கான் தொழிலுக்குப் போகிறது. டைல்ஸின் மேல்பூச்சை வெள்ளையாக்கி, அடியிலுள்ள களிமண் நிறத்தை மறைப்பது அதுதான். 2020 மார்ச் கடைசியில் குஜராத்தின் மோர்பியில் சூளைகள் அணைந்தன. ஸ்பெயினிலும் ஆலைகள் நின்றன. எங்கள் தெருவில் ஒரு வீடு மாதக்கணக்கில் வெறும் சிமெண்டுத் தரையோடு கிடந்தது. கொத்தனார் ஊருக்குப் போய்விட்டார். எத்தனை பெட்டி டைல்ஸ் வேண்டும் என்று அவர் கரித்துண்டால் போட்ட கணக்கு மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. அந்தத் தேவை சாகவில்லை, வழி அடைபட்டு நின்றது.

"ஒத்திவைத்த தேவை" என்ற பரிந்துரையும் தெளிவானதுதான். ஆனால் ஒத்திவைப்பது வாங்குபவரின் முடிவு. இங்கே அவர் கையில் எதுவும் இல்லை. ஊரடங்கு அடைத்தது, ஊரடங்கு தளர்ந்ததும் திறந்தது. நடுவில், அடைத்த நீர் போல, தேவையின் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. அதனால்தான் "மடைத்தேவை" என்கிறேன். மடை திறந்தாற்போல என்ற வழக்கு எல்லார் வாயிலும் இருக்கிறது, விளக்கவுரை தேவைப்படாது.

இன்னொன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். டைட்டானியத் தாதுவும் இதே மணலில்தான் கிடைக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு உலோகமாகி விமானங்களுக்குப் போகிறது. அன்று ரத்தான பயணங்களுக்கு ஈடாகப் பிறகு யாரும் இரண்டு முறை பறக்கவில்லை. அது "இழந்த தேவை". இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் கட்டுரையின் வாதமே சரிந்துவிடும்.

அளிப்பின் (supply) பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் மடைத்தேவை என்ற சொல் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. டைட்டானியத் தாதுக்களான இல்மனைட், ரூட்டைல் ஆகியவையும் சிர்கானும் ஒன்றாகவே தோண்டப்படுபவை. சிர்கானை மட்டும் கூட்டி எடுக்க வழியில்லை, அதனால் பாய்ந்து வரும் தேவைக்கு உடனே ஈடுகொடுக்க முடியாது. அப்புறம், 2021 ஜூன் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே தாதுமணல் சுரங்கத்தில் வன்முறையால் வேலை நின்றது. ஆக, மாதிரி வாக்கியம் இப்படி வரலாம்: "2021இல் மடைத்தேவை பாய்ந்து வந்த நேரத்தில் அளிப்பு சுருங்கியதால் சிர்கான் விலை ஏறியது."

இலங்கைப் பாடநூல்களில் தேவைக்குக் கேள்வி என்றும் அளிப்புக்கு நிரம்பல் என்றும் வழக்கு. அங்கே தாதுமணல் எடுக்கும் புல்மோட்டையைப் பற்றி எழுதுபவருக்கு இது "மடைக்கேள்வி" ஆகும். எனக்கு அது வினா போல ஒலிக்கிறது. அங்குள்ள நண்பர்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.